முதல் கரண்டி

1923 ஏப்ரல் 8, ஞாயிறு

இன்று பூசை முடிந்ததும் நாவிதர் ஒரேஸ்தேயைச் சந்தைத் திடலில் நாற்காலியோடு கட்டி, வாயில் புனலை வைத்து ஒரு லிட்டர் விளக்கெண்ணெய் குடிக்க வைத்தார்கள். செய்தவர்கள் புது அரசாங்கத்தின் கறுப்புச் சட்டைப் படையினர். எண்ணெய் என் கடையுடையது.

வெள்ளிக்கிழமை அவர்களுடைய ஆள் வந்து ஒரு டின் வாங்கிப்போனபோது எதற்கு என்று நான் கேட்கவில்லை. எண்ணெய் வாங்குகிறவனிடம் எதற்கு, எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தால் கடை நடத்த முடியாது. லாரிக்கு என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கத்தான் வசதியாக இருந்தது.

ஒரேஸ்தே செய்த குற்றம், படைத்தலைவர் வெனியேரிக்குச் சவரம் செய்யும்போது புது அரசாங்கத்தைப் பற்றி ஏதோ வேடிக்கையாகச் சொன்னது. கழுத்தில் கத்தி இருந்த நேரத்தில் தலைவரும் சிரித்தாராம். அது போன வாரம்.

ஜன்னல்களில் ஆட்கள் நின்றார்கள். யாரும் மூடவில்லை. என் பக்கத்தில் மைத்துனன் துல்லியோ நின்றான். முடிந்தபிறகு, ஒரேஸ்தேயின் காலடியில் கிடந்த டின்னைக் காட்டி என்னிடம் சொன்னான்: "அதுமேல உங்க பேர் இருக்கு."

ஏப்ரல் 9

துல்லியோ சாப்பிட வரவில்லை. வடிகட்டும் துணிகளைத் துவைத்துப் போட்டேன். மழை.

ஏப்ரல் 15, ஞாயிறு

துல்லியோ இன்றும் வரவில்லை. அவன் தட்டை என் மனைவி எர்சீலியா எடுத்து வைத்தாள். பிறகு அவளே அலமாரியில் திரும்ப வைத்தாள்.

இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இவர்கள் பேசுவதையும் என் பாஷையில்தான் எழுதுகிறேன். அப்படி எழுதினால்தான் எனக்கு அவர்கள் குரல் கேட்கிறது.

புதுச்சேரியிலிருந்து கப்பலில் கரி தள்ளிக்கொண்டு மர்செய் வந்தவன் நான். நம் ஊர்க் கடலைக்கொட்டை மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற துறைமுகம் அது. அங்கே ஒரு எண்ணெய் ஆலையில் பிண்ணாக்கு வாரினேன். எந்த எண்ணெய் எதற்கு ஆகும் என்று மூக்கால் கற்றுக்கொண்டேன். பிறகு எல்லை தாண்டி, மலையடிவாரத்து இந்த ஊருக்கு இரண்டு பீப்பாயோடு வந்தேன். சவரிநாதன் சாவெரியோ ஆனான். இன்றைக்கும் பாதி ஊர் என்னைக் 'கறுப்பு சாவெரியோ' என்றுதான் சொல்கிறது. கடன் கேட்கிறபோது மட்டும் 'சாவெரியோ ஐயா'.

துல்லியோ என் முதல் வாடிக்கைக்காரன். சண்டையில் தபால் சுமந்து மோட்டார் சைக்கிள் ஓட்டியவன். சண்டை முடிந்ததும் பட்டாளம் தூக்கிப்போட்ட ஒரு வண்டியை வாங்கிப் பிரித்து, மறுபடி பூட்டி, பந்தயத்துக்குப் போனான். பந்தய எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் வேண்டும். எத்தனை சூட்டிலும் அது இரும்பை விட்டு விலகாது. அதற்காக என் கடைக்கு வந்தான், கையில் காசில்லை. ஜெயித்தால் தருகிறேன், தோற்றால் என் அக்கா தருவாள் என்றான். தோற்றான். அக்கா வந்தாள். அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று.

அதற்குப் பிறகு ஜெயித்தான். புழுதி ரோட்டில், ஆட்டுமந்தைகளுக்கு நடுவில், கைப்பிடி உடைந்த வண்டியை ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு வந்து ஜெயித்தான். தொள்ளாயிரத்து இருபத்தொன்றில் ஒரு வளைவில் விழுந்ததிலிருந்து இடது கையில் இரண்டு விரல் மடங்காது. பந்தயம் முடிந்து வந்தால் அவன் மேலெல்லாம் வெந்த விளக்கெண்ணெய் வாசனை. குழந்தையில் என் அம்மா வயிற்றில் தடவிவிட்ட வாசனை அது. அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரே தமிழ் வார்த்தை 'மச்சான்'. தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவான்.

ஒரேஸ்தே குடித்த நாளிலிருந்து அவன் எண்ணெயைப் பொலோஞாவில் வாங்குகிறான். எதிரில் வந்தால் "எண்ணெய்க்காரரே" என்கிறான்.

ஏப்ரல் 24

படைக்கு இரண்டாவது டின் போயிற்று. பக்கத்துக் கிராமத்தில் ஒரு வண்டிக்காரர். வயது அறுபதுக்கு மேல். ராத்திரியெல்லாம் வயிற்றால் போய், காலையில் இறந்துவிட்டார். இருதய பலவீனம் என்று எழுதிவிட்டார்களாம்.

அவரை எனக்குத் தெரியும். போன வருஷம் என் பீப்பாய்களை ரயிலடியிலிருந்து ஏற்றி வந்தவர். கழுதையை 'மகாராணி' என்று கூப்பிடுவார்.

ஏப்ரல் 28

படைக்குப் போகிற டின்னில் இனி பாதிக்கு மேல் கடலை எண்ணெய் கலக்கத் தீர்மானித்திருக்கிறேன். காரணம் வியாபாரம். விளக்கெண்ணெய் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. அவர்கள் தவணை சொல்லி வாங்கிக்கொண்டு போகிறவர்கள். அவர்களுக்கு எதற்கு முதல்தரச் சரக்கு?

கலந்தால் கொஞ்சம் நீர்த்துப் போகிறது. ஆனால் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் புனல்தான்.

எர்சீலியாவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலிருப்பது அவளுக்கு நல்லது.

மே 2

ஜெனோவாவிலிருந்து கடலை எண்ணெய் இரண்டு பீப்பாய் வந்தது. விலை விளக்கெண்ணெயைவிடக் கூடுதல். என்ன செய்ய, வாங்கத்தான் வேண்டியிருக்கிறது.

அவரை விதை போட்டேன். பூனை இரண்டு முறை கிளறிவிட்டது.

மே 11, வெள்ளி

வெனியேரி தானே கடைக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். மரக்கடைக்காரர் மகன். பூட்ஸ் பளபளவென்று இருக்கும், குரல் உயராது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காப்பி கேட்டார். எர்சீலியா கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வியாபாரத்தைப் பற்றி விசாரித்தார். கலப்படச் சரக்கு கொண்டுவருகிறவனை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டார். பயத்தில் வாய் நீளும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தும் நீண்டது. எண்ணெயை நான் சோதிப்பதில்லை, ஆளைத்தான் சோதிப்பேன் என்றேன். "இந்தச் சரக்கில் ஒரு கரண்டியைக் காலையில் என் வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தேன்" என்று சும்மா சொல்வேன். எனக்குக் குழந்தை இல்லை என்பது வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. சரக்கு சுத்தமாயிருந்தால் அவன் சிரிப்பான். கலப்படமானால் கண் வாசலுக்குப் போகும்.

வெனியேரிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "நல்ல தந்திரம், சாவெரியோ. ஒரு செலவும் இல்ல" என்றார். மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். போகும்போது ஒரு டின் எடுத்துக்கொண்டு போனார்.

மே 13, ஞாயிறு

தபால்காரர். அதே நாற்காலி.

மே 14

தபால்காரர் இன்று தபால் கொடுத்தார். முகம் சாம்பலாக இருந்தது. இரண்டு வீட்டுக்கு ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனாலும் வந்தார். எதிரில் காப்பிக்கடை வாசலில் வெனியேரியின் ஆட்கள் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏன் வந்தாய், இரண்டு நாள் படுத்துக் கிடந்திருக்கக் கூடாதா என்று அவர் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும்போலிருந்தது. தபாலை வாங்கிக்கொண்டேன்.

மே 21

வெனியேரியின் ஆள் ஒருவன் வந்தான். வெயில் காலத்தில் எண்ணெய்க்குச் சத்து குறையுமா என்று தலைவர் கேட்கச் சொன்னாராம். ஆளுக்கு ஆள் உடம்பு மாறும் என்றேன். "அதையேதான் நானும் சொன்னேன்" என்றான். ஆனால் போகாமல் பீப்பாய்களைச் சுற்றி வந்தான். ஒன்றின்மேல் கையை வைத்து, விரலை முகர்ந்து பார்த்தான்.

அவன் போனபிறகு, கடலை எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றைப் பின்கட்டுக்கு உருட்டினேன். பிறகு, உருட்டியதைப் பார்த்தவன் இருந்தால் என்ன நினைப்பான் என்று தோன்றித் திரும்பவும் பழைய இடத்துக்கே உருட்டினேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது.

மே 27, ஞாயிறு

எர்சீலியா என் இடுப்புக்குச் சுடுதுணி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "நம்ம வீட்டுல கடலை எண்ணெய் சமைக்கிறதில்ல. ஊர்லயும் யாரும் வாங்குறதில்ல. ரெண்டு பீப்பாய் எங்க போகுது?"

வெளியூர் ஆர்டர் என்றேன்.

"சரி" என்றாள். துணியை மறுபடி வெந்நீரில் முக்கிப் பிழிந்தாள். "அந்த வெளியூர்க்காரங்க ரொம்ப நாள் நல்லா இருக்கட்டும்."

ஜூன் 3, ஞாயிறு

மூன்று குன்றுச் சுற்றுப் பந்தயத்துக்கு இன்னும் ஒரு வாரம். இந்த வருஷம் பந்தயக் கமிட்டிக்கு வெனியேரிதான் தலைவர். முன்னால் இருந்த மருந்துக்கடைக்காரர் தானாகவே விலகிக்கொண்டாராம். ஊரில் இப்போது எல்லாரும் தானாகவே விலகிக்கொள்கிறார்கள்.

மிலானிலிருந்து ஒரு மோட்டார் கம்பெனியின் ஆள் பார்க்க வருகிறார். துல்லியோ முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் கம்பெனி வண்டி, மாதச் சம்பளம், வெளிநாட்டுப் பந்தயம். அவனுக்கு வயது முப்பத்தொன்று. விரல் இரண்டு மடங்காது. இன்னொரு தடவை யாரும் கேட்கமாட்டார்கள்.

வண்டியில் படையின் கறுப்புக் கொடியைக் கட்டிக்கொண்டு ஓட்டவேண்டும் என்று வெனியேரி சொல்லியனுப்பினார். கொடி கட்டினால் காற்று இழுக்கும், வேகம் குறையும் என்று துல்லியோ பதில் சொல்லியனுப்பினான். நாற்காலியில் அடுத்தது அவன்தான் என்று நினைத்தேன்.

பட்டறைக்குப் போனேன். கொடியைக் கட்டிக்கொள், ஒரு நாள்தானே என்றேன். அவன் பிஸ்டனைத் துடைத்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னான்: "எண்ணெய்க்காரரே, உங்க வியாபாரத்த நீங்க பாருங்க. என் வியாபாரத்த நான் பாக்குறேன்."

சுவரோரத்தில் பொலோஞா டின்கள் வரிசையாக இருந்தன. என்னுடையது ஒன்றுகூட இல்லை.

ஜூன் 8, வெள்ளி

படைக்கு இன்னொரு டின் போயிற்று. யாருக்கு என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பந்தயம். அதற்கு முன்னால் துல்லியோவுக்காக இருக்குமோ?

அந்த டின்னில் விளக்கெண்ணெயை இன்னும் குறைத்தேன்.

ஜூன் 9, சனி

கமிட்டியின் புது விதி: வண்டிகளெல்லாம் எண்ணெய், பெட்ரோல் ஊற்றிய நிலையில் இன்று மாலையே நாடகக் கொட்டகை முற்றத்தில் விட்டுவிட வேண்டும். பூட்டி, சாவியைத் தலைவர் வைத்துக்கொள்வார். மோசடியைத் தடுக்கவாம்.

துல்லியோ வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். வெளியே வந்து வாசற்படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

ஜூன் 10, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை ஊரே ரோட்டோரத்தில். வெயில். புதிதாய்க் கிளப்பிய எஞ்சின்களின் புகை. வண்டிகளை ஒவ்வொன்றாக, அரை நிமிஷ இடைவெளியில் அனுப்பினார்கள். துல்லியோவின் எண் ஒன்பது. ஐந்தாவது வண்டி கிளம்பிக்கொண்டிருந்தபோது வெனியேரி என் பக்கத்தில் வந்து நின்றார். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்.

"உன் மச்சினன் கொடி கட்டல" என்றார்.

நான் ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி முணுமுணுத்தேன்.

"பரவாயில்ல. எனக்குக் கோபமில்ல. எங்க பரிசா ஒண்ணு குடுத்திருக்கோம். நேத்து சாயங்காலம் அவன் வண்டியில இருந்த எண்ணெயை எடுத்துட்டு, நல்ல எண்ணெய் ஊத்தியிருக்கோம். வெள்ளிக்கிழமை நீ குடுத்த டின். உன் கடைச் சரக்கு, உன் மச்சினன் வண்டி. சந்தோஷம்தானே?"

கடலை எண்ணெய் சூட்டில் தண்ணீராகிவிடும். மேட்டில் ஏறும்போது ஒன்றும் தெரியாது. இரண்டாவது குன்றின் இறக்கத்தில், முழு வேகத்தில், பிஸ்டன் உருளையைக் கவ்விக்கொள்ளும். பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். அந்த இறக்கத்தில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆற்றுப் பள்ளம். இரண்டு விரல் மடங்காத கை கிளச்சைப் பிடிக்க ஒரு நொடி தாமதமாகும்.

நான் எங்கே பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. வாசல் எதுவும் அங்கே இல்லை, ரோடுதான் இருந்தது. ஏழாவது வண்டி போயிற்று. எட்டாவது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வெனியேரி கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கயிற்றைத் தாண்டிக்கொண்டு ஓடினேன். ஐம்பது வயதில், இடுப்புப் பிடிப்போடு. துல்லியோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் காதருகே கத்தினேன்.

"நிறுத்து. எண்ணெயை இறக்கு. அதுல முக்கால்வாசி கடலை எண்ணெய்."

"பொலோஞால வாங்கினது—"

"மாத்திட்டாங்க. என் டின். அவங்களுக்கு விக்கிற டின்ல நான்தான் கலந்தேன். ஒரு மாசமா கலக்குறேன்."

அவன் எஞ்சினை நிறுத்தினான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தான். கொடிக்காரர் ஒன்பது, ஒன்பது என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். துல்லியோவின் முகத்தில் ஏதோ ஓடியது. தபால்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு தபால் கொடுத்ததை அவனும் பார்த்திருக்கிறான்.

எண்ணெய்த் தொட்டி மூடியைத் திறந்து, மடங்காத விரலை உள்ளே விட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தான். முகர்ந்தான். இன்னொருமுறை வைத்துப் பார்த்தான்.

"இது நான் ஊத்தினது" என்றான் மெதுவாக. "சுத்தமான எண்ணெய். யாரும் ஒண்ணும் மாத்தல, மச்சான்."

இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. என் பின்னால் பூட்ஸ் சத்தம் வந்து நின்றிருந்தது.

"நான் ஒண்ணுமே ஊத்தல, சாவெரியோ" என்றார் வெனியேரி. "சும்மா சொன்னேன். நீ சொல்லிக்குடுத்த மாதிரிதான். ஒரு செலவும் இல்ல." பிறகு துல்லியோவின் தோளைத் தட்டினார். "ஓட்டு, ஓட்டு. மிலான்காரர் பாத்துக்கிட்டிருக்கார்."

துல்லியோ அசையவில்லை. நான் வெனியேரிக்கும் அவனுக்கும் நடுவில் நின்றுகொண்டு, போ என்றேன். போ, உன் வியாபாரத்தைப் பார் என்றேன். கடைசியில் எஞ்சினை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். மற்றவர்களைவிட ஒரு நிமிஷத்துக்கு மேல் தாமதமாகப் போனான்.

பந்தயம் முழுக்க எனக்கு இரண்டு பக்கத்திலும் இரண்டு கறுப்புச் சட்டைகள். ஒருவன் சிகரெட் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். துல்லியோ ஒவ்வொரு சுற்றிலும் எங்களைக் கடக்கும்போது தலையைத் திருப்பி நான் நிற்கிறேனா என்று பார்த்தான். அந்த வேகத்தில் தலையைத் திருப்பக் கூடாது. ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கிக் காட்டினேன்.

இரண்டாவதாக வந்தான். அந்த ஒரு நிமிஷம் இல்லையென்றால் முதலாவது. மிலான்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

என்னை யாரும் தொடவில்லை. வீட்டுக்கு நடந்து வந்தேன். எர்சீலியா கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டு, மேஜையை இழுத்து அதன்மேல் சாத்தினாள். மேஜை அவர்களை நிறுத்தாது என்று அவளுக்கும் தெரியும்.

ஜூன் 11

வெனியேரி வந்தார். தனியாக. ஒரு மணி நேரம் பேசினோம். எழுத முடியவில்லை.

ஜூன் 12

துல்லியோவை ரயிலேற்றிவிட்டு வந்தோம். மிலான் கம்பெனி அடுத்த வாரமே வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறது. அவன் போகமாட்டேன் என்று நேற்று முழுக்க அடம்பிடித்தான். உங்களை இவர்களிடம் விட்டுவிட்டு எப்படிப் போவேன் என்றான். எல்லாம் பேசித் தீர்த்தாகிவிட்டது, அபராதம் கட்டச் சொன்னார்கள், கட்டிவிட்டேன் என்றேன். நான் சொன்ன பொய்களில் இதுதான் சுலபமாக விலைபோனது. அவனுக்குப் போகவேண்டும் என்று அவ்வளவு ஆசை.

"இனிமே அவங்களுக்கு எண்ணெய் குடுக்க மாட்டீங்கள்ல?" என்றான் ஜன்னலிலிருந்து.

"உடம்பைப் பாத்துக்கோ. வளைவுல அவசரப்படாதே" என்றேன்.

ரயில் நகர்ந்தது. மச்சான், மச்சான் என்று கத்திக்கொண்டே போனான். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எர்சீலியா அழுதாள். நான் கையைக் காட்டிக்கொண்டே நின்றேன்.

ஜூன் 13, புதன்

எழுதிவிட வேண்டும். பேசி முடித்ததை எழுதாவிட்டால் நாளைக்கு எனக்கே வேறு மாதிரி நினைவிருக்கும்.

அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் காப்பிதான் கேட்டார். "உன்ன அடிச்சா எனக்கு எண்ணெய் யார் தருவாங்க? பொலோஞா வரைக்கும் போகணும்" என்றார். ஒன்று சொல்லவேண்டும்: பேரத்தில் கெட்டிக்காரர். தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு வந்திருந்தார். எனக்கு எது போனால் தாங்காது என்பதையும் தெரிந்துகொண்டு வந்திருந்தார். பந்தய ஓட்டுநர் உரிமச் சீட்டுக்குக் கமிட்டியின் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் மிலான்காரர் வண்டி கொடுக்கமாட்டார். எல்லைக்கு வெளியே போகவும் காகிதம் வேண்டும். இரண்டும் அவர் சட்டைப் பையில் இருந்தன. மேஜைமேல் எடுத்து வைத்து, மேலே காப்பிக் கோப்பையை வைத்தார்.

நான் கேட்டது இரண்டு. நாவிதர் ஒரேஸ்தேயை இனித் தொடக் கூடாது. சரி என்றார். நான் செய்யவேண்டியதைத் திடலில் இல்லாமல் கடைக்குள்ளேயே செய்துவிடுகிறேன் என்றேன். அதற்குச் சிரித்தார். கடைக்குள் செய்தால் யார் பார்ப்பார்கள்?

முடிந்த பேச்சு இது. துல்லியோ மிலானில் ஓட்டலாம், கொடி கட்டவேண்டியதில்லை, அவன்மேல் யார் கையும் படாது. காகிதங்கள் என்னிடம் தரப்பட்டன. படைக்குப் போகிற எண்ணெய் இனிக் கலப்பில்லாத முதல்தரம். கடலை எண்ணெய்ப் பீப்பாய் இரண்டையும் நானே சாக்கடையில் திறந்துவிட வேண்டும். நேற்று மாலை திறந்துவிட்டேன். டின்னை ஆள் வந்து வாங்கிப்போக மாட்டான். திடலுக்கு நானே தூக்கிக்கொண்டு போகவேண்டும். நாற்காலியில் இருப்பவர் யாரானாலும், அவர் பார்க்க, ஊர் பார்க்க, டின்னை உடைத்து முதல் கரண்டியை நான் குடிக்க வேண்டும். இதெல்லாம் துல்லியோவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் பேச்சு முறிந்தது.

தவணை கிடையாது, ரொக்கம். சந்தை விலைதான், ஒரு காசு குறைக்கமாட்டார்கள். முதல் டின் சனிக்கிழமை.